ஈஸ்ட்வுட்டின் வாய், சலேர்னோவின் குரல்

1966-இல் 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' படத்தை இத்தாலியத் திரையரங்குகளில் பார்த்தவர்கள் கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் குரலைக் கேட்கவே இல்லை. கேட்டது என்ரிகோ மரியா சலேர்னோ என்ற நடிகரின் குரல். சரி, ஈஸ்ட்வுட் தானே பேசிய ஆங்கிலப் படம்தான் அசல் என்பீர்கள். அதுவும் படப்பிடிப்பெல்லாம் முடிந்தபின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பேசிச் சேர்த்ததுதான். அப்படியானால் அசல் எங்கே? டப்பிங் என்னும் அடுப்படிக்கு வாருங்கள்.

முதலில் படப்பிடிப்பு. உப்புப் போடாமல் அரைத்துவைத்த இட்லி மாவு என்று இதை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினில் அல்மேரியா பக்கத்துப் பொட்டல்காட்டில் நடிகர்கள் ஆளுக்கொரு மொழியில் பேசினார்கள். ஈலை வாலக் ஆங்கிலத்தில் கேட்பார். எதிரே நிற்பவர் இத்தாலியத்தில் பதில் சொல்வார். கேமரா கடகடக்கும். யாரும் கவலைப்படவில்லை, அங்கே கேட்ட பேச்சு எதுவும் படத்துக்குள் போகப்போவதில்லை. (இயக்குநர் செர்ஜியோ லியோனே 1968-இல் எடுத்த படத்தில் இதையே வசதியாக்கிக்கொண்டார். இசையமைப்பாளர் மோரிகோனேயிடம் இசையை முன்பே வாங்கி, நடிக்கும்போதே தளத்தில் ஒலிக்கவிட்டார்.)

அடுத்து வசனகர்த்தா. இவர் வேலை, பாத்திரத்துக்கு மூடி தேடுவது. உதடுதான் பாத்திரம். ப, ம என்றால் உதடு மூடித் திறக்கும். கண்ணாடி முன் நின்று 'போனேன்' என்று சொல்லிப் பாருங்கள், பிறகு 'சென்றேன்'. பொருள் ஒன்றுதான், ஆனால் திரையில் வாய் மூடுகிற இடத்தில் 'சென்றேன்' பொருந்தாது. லியோனேயின் 1966 படத்துக்கு இப்படி ஆங்கில மூடி தேடியவர், ரோமில் வாழ்ந்த அமெரிக்கர் மிக்கி நாக்ஸ்.

பிறகு குரல்பதிவு. அந்நாளில் காட்சியைச் சிறு துண்டுகளாக வெட்டி, இரு முனையையும் ஒட்டி வளையமாக்கி ஓட்டுவார்கள். இத்தாலியர்கள் இதை 'அனெல்லோ', அதாவது மோதிரம் என்பார்கள். எனக்கு ஆட்டுக்கல்தான் ஞாபகம் வருகிறது: அதே வரி, அதே வாயசைப்பு, மசியும்வரை சுற்றிச் சுற்றி வரும். நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் படத்தில் நாலைந்து சட்டகம் பிந்தினாலே கண் கண்டுபிடித்துவிடும்.

துப்பாக்கி வெடிப்பு, பூட்ஸ் ஓசை, இசை எல்லாம் தனித் தாளிப்பு. பேச்சை மட்டும் விட்டுவிட்டு இவற்றைக் கலந்த ஒலிநாடாவை மற்ற நாடுகளுக்கு அனுப்பலாம். மாவு ஒன்று, அவரவர் உப்புப் போட்டு, ஒருவர் இட்லி ஊற்றுவார், ஒருவர் பணியாரம் சுடுவார்.

வேடிக்கை இங்கேதான். 'ஜாங்கோ' (1966) நாயகன் ஃபிராங்கோ நீரோ இத்தாலியரே. ஆனாலும் இத்தாலியப் பதிப்பில் அவருக்குப் பேசியவர் நாண்டோ கட்சோலோ. சொந்த வீட்டில் விருந்து, சமையல் பக்கத்து வீட்டுக்காரர்! அதே கட்சோலோதான் 1964-இல் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' வில்லனுக்கும் குரல் கொடுத்திருந்தார். நேப்பிள்ஸ்காரரான நடிகர் பட் ஸ்பென்சருக்குப் பல படங்களில் கிளாவ்கோ ஓனொராத்தோ பேசினார்.

ஜெர்மனியில் வசனகர்த்தா ரைனர் பிராண்ட் இன்னும் ஒருபடி மேலே போனார். பட் ஸ்பென்சர், டெரன்ஸ் ஹில் படங்களில் நடிகர் முதுகைத் திருப்பினால் போதும், வாய் தெரியாத அந்த நொடியில் மூலத்தில் இல்லாத ஒரு நக்கலைச் செருகிவிடுவார். வெறும் தோசை அவர் கையில் மசால் தோசை ஆயிற்று. தூய்மைவாதிகள் முகம் சுளிக்கலாம். நான் ரசிக்கிற கட்சி.

உப்பில்லாத மாவு கொஞ்சம் நெடுநாள் மிச்சமிருந்தது. லியோனேயின் 1966 படத்தின் ஆங்கிலப் பதிப்பில் வெட்டப்பட்ட சில காட்சிகளுக்கு ஆங்கிலக் குரலே இருக்கவில்லை. 2003-இல் வெளியான புதுப்பித்த பதிப்புக்காக, எழுபதைத் தாண்டிய ஈஸ்ட்வுட்டும் எண்பதைத் தாண்டிய வாலக்கும் மறுபடி மைக் முன் நின்றார்கள். உடன் நடித்த லீ வான் கிளீஃப் 1989-இலேயே காலமாகிவிட்டதால் அவருக்கு சைமன் பிரெஸ்காட் பேசினார். அந்தக் காட்சிகளில் காதைத் தீட்டிக் கேளுங்கள்: முப்பதுகளில் இருக்கும் முகத்திலிருந்து ஒரு தாத்தாவின் கரகரப்பு வரும்.