ஜீவாவுக்கு ஏன் நிழல் விழக்கூடாது?

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வையும் அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'வையும் படித்தவர்கள் ஒவ்வொருவரிடமும் ஓர் இயந்திர நாய் இருக்கிறது. உங்கள் ஜீனோவின் காது மடிந்திருக்கலாம், என்னுடையது நிமிர்ந்திருக்கலாம். 1980களில் ஆனந்த விகடனில் வாரம் வாரம் வந்த இந்தக் கதை, பிறகு தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. முழுநீளத் திரைப்படமாக எடுத்தால் என்ன ஆகும் என்பது வாசகர்கள் விட்டுவிடாத கேள்வி.

முதல் சிக்கல் வெறும் கணக்கு. திரைக்கதையின் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடப் படம் என்பது திரைத்துறையின் பழைய வாய்ப்பாடு. இரண்டரை மணி நேரப் படத்துக்கு 150 பக்கம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களை மணிரத்னம் 2022, 2023ஆம் ஆண்டுகளில் இரண்டு படங்களாகச் சுருக்கியபோது, எது போயிற்று என்று ஊர் முழுக்க விவாதித்தோம். அங்காவது சோழ நாடு என்றால் என்னவென்று பார்ப்பவருக்குத் தெரியும். அறிவியல் புனைகதையில் அந்த வசதியும் இல்லை. பிள்ளை பெற அரசு அனுமதி, குடிமக்களுக்கு எண், இரண்டெழுத்துப் பெயர் என்று அந்த உலகத்தின் சட்டங்களையே முதலில் சொல்லியாக வேண்டும்.

ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' 1965இல் வந்தது. 1984இல் டேவிட் லிஞ்ச் அதை ஒரே படத்தில் அடைத்தார். பாத்திரங்களின் மன ஓட்டத்தைக் கிசுகிசுப்பாக ஒலிக்க வைத்தும் கதை பலருக்குப் புரியவில்லை. டெனி வில்னவ் அதே முதல் நாவலை 2021, 2024 என இரண்டு படங்களாகப் பிரித்தார். பேச்சைக் குறைத்துப் பாலைவனத்தையும் கைச்சைகையையும் பேச விட்டார். லியு சிசினின் 'மூவுடல்' நாவலைச் சீனாவில் 2023இல் 30 பகுதிகளாக எடுத்தார்கள். மறு ஆண்டே நெட்ஃபிளிக்ஸ் எட்டுப் பகுதிகளில் தன் முதல் பருவத்தை முடித்தது. ஆக, சரியான நீளம் என்று ஒன்று கிடையாது. எதை விளக்காமல் விடலாம் என்று தெரிவதுதான் பெரிய வேலை.

அதைவிடக் கடினமான சிக்கல் ஒன்று சுஜாதாவின் கதையிலேயே இருக்கிறது. படிக்காதவர்கள் இனி வரும் இரண்டு பத்திகளைத் தாண்டிப் போகலாம், தலைப்பிலேயே பாதியைக் காட்டிக் கொடுத்துவிட்டேன் என்றாலும்.

நாட்டையே ஆட்டி வைக்கும் தலைவர் ஜீவா, உண்மையில் ஆளே இல்லை; ஒரு ஹோலோகிராம். 'ஜீவா பேசினார்' என்று எழுத்தில் சொன்னால் நாம் நம்பிவிடுவோம். திரையிலோ கதாநாயகி நிலாவும் ஒளிப்பிம்பம், ஜீவாவும் ஒளிப்பிம்பம். எல்லாமே பிம்பமாக இருக்கும் இடத்தில் ஒன்று மட்டும் பொய் என்று எப்படிக் காட்டுவது? அதே சமயம் கடைசிவரை எப்படி மறைப்பது?

இங்கே இயற்பியல் கைகொடுக்கும். டென்னிஸ் கபோர் 1940களில் கண்டுபிடித்து 1971இல் நோபல் பரிசு பெற்ற ஹோலோகிராம், ஒளியின் அளவை மட்டும் பதியும் புகைப்படம் போன்றது அன்று. இரண்டு ஒளிக்கற்றைகள் குறுக்கிடும் கோலத்தைப் பதிவதால் ஆழமும் கிடைக்கிறது. மேடைகளில் 'ஹோலோகிராம்' என்று காட்டப்படுபவை பெரும்பாலும் அதுவல்ல. 1862இல் லண்டனில் ஜான் பெப்பர் காட்டிப் புகழ்பெற்ற கண்ணாடி வித்தைதான்: சாய்த்து வைத்த ஒளிபுகும் தகட்டில் பிம்பம் பட்டுத் தெறிக்கிறது. குஜராத்தில் 2012 தேர்தலின்போது ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் தோன்றிய மோடியின் உருவமும் இந்த வகைதான். ஒளியால் ஆன உருவம் ஒளியை மறைக்காது, ஆகவே அதற்கு நிழல் விழாது. மழைத்துளியும் அதன்மேல் பட்டுத் தெறிக்காது. நான் இயக்குநராக இருந்தால் முதல் காட்சியிலிருந்தே ஜீவாவுக்கு நிழல் வைக்க மாட்டேன். யாரும் அதைச் சுட்டிக்காட்டவும் விடமாட்டேன். இரண்டாம் முறை பார்ப்பவர் தலையில் அடித்துக்கொள்ளட்டும். முதல் படத்தை ஜீவா கலையும் இடத்தில் முடித்து, நிலா பொம்மை ராணியாகும் கதையை இரண்டாவதற்கு வைத்துக்கொள்ளலாம்.

ஜீனோவுக்கு வருவோம். அதற்கு நிழல் கட்டாயம் வேண்டும், உலோக உடம்பு என்றால் பிரதிபலிப்பும் வேண்டும். கணினியில் வரைந்த நாயை நம் ஊர்க் காட்சியில் ஒட்டுவதாக வைத்துக்கொள்வோம். பந்திங் பக்கமிருந்து பாலம் கடந்து கேரி தீவுக்குள் போனால், ஏறக்குறைய ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோண அமைப்பில் நட்ட செம்பனைகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி வரிசை. குடிமக்களை எண்ணாக்கிய ஓர் அரசைக் காட்ட செட்டே தேவையில்லை. ஆனால், அந்த நிழலில் நிற்பவரின் வெள்ளைச் சட்டையைப் பாருங்கள், லேசாகப் பச்சை ஓடியிருக்கும். இலையின் பச்சையம் சிவப்பு, நீல ஒளியை உறிஞ்சிக்கொண்டு பச்சையைப் பெருமளவு விட்டுவிடுகிறது. கணினி நாயை வெண்ணொளியில் வரைந்து இங்கே நிறுத்தினால், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் கண் 'இது ஒட்டு' என்று கண்டுபிடித்துவிடும்.

அதற்காகத்தான் படப்பிடிப்பில் நாய் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கண்ணாடிப் பந்தை வைத்துப் படமெடுக்கிறார்கள். வானம், ஓலை, செம்மண் என்று சுற்றியுள்ள ஒளி முழுதும் அந்தப் பந்தில் பதிவாகும். அதையே விளக்காகக் கொண்டு கணினி நாயின் முதுகில் ஒளியைப் பாய்ச்சுகிறது. 'டியூன்' குழுவினர் வழக்கமான பச்சைத் திரைக்குப் பதிலாகப் பல காட்சிகளில் மணல் நிறத் திரை கட்டியதும் இதே காரணத்தால்தான்: நடிகர்மேல் தெறிக்கும் ஒளியும் பாலைவனத்து ஒளியாகவே இருக்கட்டும் என்று.

'எந்திரன்' படத்தின் எழுத்துப் பணியில் சுஜாதா பங்கெடுத்தார். 2008இல் மறைந்துவிட்டதால் 2010இல் வந்த படத்தை அவர் பார்க்கவில்லை. அதில் சிட்டி ஆயிரமாகப் பெருகிச் சண்டையிடும் காட்சிகளைத் தொழில்நுட்பம் சாதித்துவிட்டது. ஜீனோ அப்படிப்பட்டதல்ல. புத்தகம் படித்துப் படித்துத் தானாக யோசிக்கத் தொடங்கும் நாய் அது, வீரமெல்லாம் மூளையில்தான். முகத்தில் மனிதச் சாயல் கூடக் கூட ஓர் இயந்திரம் ஒரு கட்டத்தில் அருவருப்பூட்டும் என்று ஜப்பானிய ரோபோ அறிஞர் மசாஹிரோ மோரி 1970இலேயே எழுதினார். ஆகவே ஜீனோவுக்குப் புருவமும் புன்னகையும் வைக்கக் கூடாது என்பது என் கட்சி. படித்துக்கொண்டே இருக்கும்போது ஒரு காது மட்டும் மெல்லத் திரும்பினால் போதும்.