பத்து மாவுங் குன்றின் அடியில்



கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு புக்கிட் மெலாவத்தி புதிதல்ல. விடுமுறை வந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவோம், பழைய பீரங்கியின்மேல் உட்கார வைப்போம், குரங்குகளுக்குப் பயற்றங்காய் கொடுப்போம், இறங்கி வருவோம். இன்று நாம் பார்க்கப் போவது வேறொரு குன்று. பினாங்குத் தீவின் தென்கிழக்கு மூலையில், பத்து மாவுங்கில் இருக்கிறது. அதன் வயிற்றுக்குள் சுரங்கங்கள் உண்டு. பினாங்கில் அன்று நடந்த ஒரு தவறுக்கும், 1942-இல் நம் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் சண்டை வந்ததற்கும் தொடர்பு இருக்கிறது. அதனால்தான் அதைப் பற்றிப் பேச எண்ணினோம்.

சபாக் பெர்ணம், தெலுக் இந்தான் வழியாக வடக்கே போகலாம். 2014-இல் திறந்த இரண்டாவது பினாங்குப் பாலம் பத்து மாவுங்கிலேயே போய் இறங்குகிறது. விடியுமுன் கிளம்பினால் நல்லது.

துறைமுகத்துக்குத் தெற்கேயிருந்து கப்பல் வரும் வழியைக் காவல் காக்க, 1930-களில் பிரிட்டிஷ்காரர்கள் இந்தக் குன்றில் கோட்டை கட்டினார்கள். 2002-இல் அது போர்க்கால அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பீரங்கிமேடை, சிப்பாய்களின் தங்குமிடம், சமையற்கூடம் எல்லாம் மேலே. வெடிமருந்துக் கிடங்குகளும் சுரங்க வழிகளும் கீழே.

ஏன் கீழே? ஒரு குண்டு தவறி வெடிமருந்தின்மேல் விழுந்தால் குன்றே பறந்துவிடும். ஆகவே தடித்த காங்கிரீட்டும் மண்ணும் மேலே மூடியிருக்க, மருந்தை உள்ளே வைத்தார்கள். இப்படிப்பட்ட இடங்களில் நடைவழி நேராகப் போகாது. திரும்பித் திரும்பிப் போகும். வெடியின் வேகம் நேராகத்தான் பாயும், மூலையில் மோதினால் அடங்கும். ஈரமும் ஆகாது, நெருப்புப் பொறியும் ஆகாது. இதையெல்லாம் பிள்ளைகளுக்கு அங்கேயே நின்று சொன்னால் நன்றாகப் புரிந்துகொள்வார்கள். சில வழிகளில் குனிந்துதான் போக வேண்டும். ஓரிடத்தில் இரும்பு ஏணிப்படிகளைப் பிடித்து மேலேற வேண்டும். மூச்சிரைப்பு உள்ளவர்கள் வெளியே இருந்துவிடுவது நல்லது. பால்வெட்டுக்குப் போன காலத்து நெற்றி விளக்கு வீட்டில் கிடந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

அங்கே பேய்க் கதைகளும் தாராளமாகக் கிடைக்கும். ஊர்க்காரர்கள் அதைப் பேய்க்குன்று என்றே சொல்வார்கள். கேட்டுச் சிரித்துவிட்டு வரலாம். நடந்த கதைக்கு முன்னால் பேய்க்கதை ஒன்றுமேயில்லை என்பது எங்கள் எண்ணம்.

நடந்தது இதுதான். பீரங்கிகள் கடலைப் பார்த்து இருந்தன. ஜப்பானியரோ 1941 டிசம்பர் 8-இல் கோத்தா பாருவிலும் தென் சயாமிலும் இறங்கி, தரைவழியே வந்தார்கள். 11-ஆம் தேதி அவர்களுடைய விமானங்கள் ஜார்ஜ் டவுன்மீது குண்டு போட்டன. விமானத்தை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்து நின்ற ஜனங்கள் செத்து விழுந்தார்கள். சில நாட்களில் வெள்ளைக்காரர்கள் சத்தமில்லாமல் இரவோடு இரவாகக் கப்பலேறிவிட்டார்கள். மற்றவர்களுக்குச் சொல்லவுமில்லை, இடமுமில்லை. கோட்டையைக் காத்த படையும் விலகிவிட்டது. இத்தனை காங்கிரீட்டும் கடைசியில் வீண்.

அப்போது பினாங்கில் ஒரு பத்திரிகை ஆசிரியர் இருந்தார். இலங்கைத் தமிழர், பெயர் சரவணமுத்து. கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் அவர்தான். ஊரில் படை இல்லை, இனிக் குண்டு போட வேண்டாம் என்று வானொலி வழியாக ஜப்பானியருக்கு அறிவித்தவரும் அவரே. டிசம்பர் 19-இல் ஜப்பானியர் தீவுக்குள் வந்தார்கள்.

போனவர்கள் இரண்டு பொருள்களை அழிக்காமல் விட்டுப்போனார்கள். ஒன்று வானொலி நிலையம். மற்றொன்று துறைமுகத்தில் கிடந்த சின்னப் படகுகள். அந்தப் படகுகள்தாம் நம் பக்கத்துக்கு வினையாயின. ஜப்பானியர் அவற்றையும் சேர்த்துக்கொண்டு மேற்குக் கரையோரமாகத் தெற்கே இறங்கினார்கள். 1942 ஜனவரி முதல் நாட்களில் கோலசிலாங்கூரில் கரையேறப் பார்த்தார்கள். பீரங்கிச் சூட்டில் விலகினார்கள். ஆனால் வேறொரு படை கரைச்சாலை வழியே வந்து, இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தைவரை எட்டிவிட்டது. ஜனவரி 11-இல் கோலாலம்பூரும் விழுந்தது. அதற்குப் பின் வந்த அரிசிப் பஞ்சமும், மரவள்ளிக்கிழங்கும், சயாம் ரயில் பாதையும் நம் குடும்பங்களுக்குத் தெரியாதவையல்ல. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்டோர் கொண்டு போகப்பட்டார்கள். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் பத்து மாவுங்குக்குப் போனபோது ஒரு பாட்டியும் வந்திருந்தார். சண்டை வந்தபோது அவருக்கு ஐந்து வயது. சுரங்க வாசல்வரை வந்தவர், உள்ளே வரமாட்டேன் என்று மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். "குழிக்குள்ள உக்காந்தது போதும்பா, நீங்க போய்ட்டு வாங்க" என்றார். வெளியே வந்ததும் பேரன் விடவில்லை, எந்தக் குழி என்று கேட்டான். லயத்துக்குப் பின்னால் தகப்பனார் ஒரு குழி தோண்டினாராம். மேலே பலகை, பலகைமேல் மண். விமானச் சத்தம் கேட்டால் அம்மாவும் பிள்ளைகளும் அதில் இறங்கிக்கொள்வார்கள். மழை பெய்தால் தண்ணீர் நின்றுவிடும்.

"தாத்தா எங்கே உட்காருவார்?" என்று கேட்டான்.

"அவருக்கு இடமில்ல. மேலதான் நிப்பாரு" என்றார் பாட்டி. அந்தத் தகப்பனார் பிறகு சயாமுக்குப் போனார், திரும்பவில்லை. குழி எவ்வளவு ஆழம் என்று பேரன் மறுபடியும் கேட்டான். பாட்டி எழுந்து நின்று, தம் நெஞ்சுக்கு நேரே கையை வைத்துக் காட்டினார்.