விறகு பிளக்க மெஷின் வாங்கலாமா?

"டாக்டர், பாய்லருக்கு விறகு பிளக்க ஒரு மெஷின் வாங்கிப் போட்டுடலாமுங்களா? முன்ன மாதிரி கோடாலி தூக்க முடியறதில்லைங்க..."

காரமடை வட்டாரத்தில் தோள்பட்டை வலி, இடுப்புப் பிடிப்பு என்று என்னிடம் வருகிறவர்கள் இப்படிக் கேட்பதுண்டு. சமையலுக்கு கேஸ் வந்து எத்தனையோ வருஷமாகி விட்டது. ஆனாலும் புழக்கடையில் வெந்நீர் பாய்லர் இருக்கிறது. நோம்பி, சீர் என்றால் பெரிய விறகடுப்பு மூட்டாமல் முடியாது. தோட்டம் உள்ளவர்களுக்கு வேம்பு, புளி, வேலிக்காத்தான் என்று விழுகிற மரமே வருஷத்துக்குப் போதும். அதைப் பிளப்பதுதான் பெரும்பாடு!

மெஷின் வாங்குவதில் தப்பில்லை. ஆனால் விலை விசாரிக்கும் முன் மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக் கொள்ளுங்கள். வருஷத்துக்கு எவ்வளவு விறகு வேண்டும்? அது என்ன மரம்? பிளக்கப் போவது யார்? மூன்றாவது கேள்விதான் முக்கியம். கடைக்காரர் அதைக் கேட்க மாட்டார்!

ஏன் பிளக்க வேண்டும்?

அடுப்பில் நுழைய வேண்டும் என்பதற்காக மட்டும் அல்ல, காய்வதற்காகவும்தான். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். பட்டையோடு உருண்டையாகக் கிடந்தால் அந்த ஈரம் சீக்கிரம் வெளியேறாது. பிளந்து போட்டால் உள்மரத்தில் காற்றுப் படும், வெயில் படும்.

ஈர விறகை அடுப்பில் வைத்தால் என்ன நடக்கிறது? கொதித்த தண்ணீர் ஒரு லிட்டரை ஆவியாக்க மட்டும் சுமார் 540 கிலோ கலோரி வெப்பம் செலவாகிறது. உங்கள் வெந்நீருக்குப் போக வேண்டிய சூடு விறகின் ஈரத்துக்குப் போகிறது. அடுப்பும் முழுச் சூட்டுக்கு வராமல் புகைந்து கொண்டே இருக்கிறது.

அந்தப் புகை சாதாரணமானதல்ல. கண் எரிச்சலோடு போய்விடாது. நாள்பட்ட இருமல், இரைப்பு, குழந்தைகளுக்கு நிமோனியா, பெரியவர்களுக்கு இருதய நோய், பக்கவாதம் என்று அதன் கை நீளும். விறகு, வறட்டி, கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றால் வீட்டுக்குள் உண்டாகும் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் 2,37,000-க்கும் மேல் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்!

சித்த மருந்து செய்முறையில் தீயைத் தீபாக்கினி, கமலாக்கினி, காடாக்கினி என்று மூன்றாகப் பிரிப்பார்கள். தைலம் காய்ச்சும்போது விறகின் கனமும் காய்ச்சலும் சரியாக இருந்தால்தான் தீயைச் சொன்னபடி நிறுத்த முடியும். வீட்டு பாய்லருக்கும் அதே நியாயம்தான். மணிக்கட்டு கனத்தில் பிளந்து, நன்றாகக் காய்ந்த விறகு குறைவாகச் செலவாகும், குறைவாகப் புகையும். ஆனால் காய்ந்த விறகும் புகையே இல்லாதது அல்ல. பாய்லரின் புகை சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வரக் கூடாது.

மரத்தைப் பார்த்து நேரம் பாருங்கள்

வேம்பு, தைல மரம் (யூக்கலிப்டஸ்) போன்றவற்றின் நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். காய்ந்த பிறகு பிளப்பது கஷ்டம். ஆகவே மரம் விழுந்த சூட்டோடு சூடாகப் பிளந்து விடுங்கள். ஒன்றேகால் அடி நீளத்துக்கு அறுத்து வாங்கினால் பாதி வேலை முடிந்தது. கணு உள்ள கட்டையோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஓரமாகப் போட்டு வையுங்கள், பெரிய அடுப்புக்கு ஆகும். தேங்காய்த் தொட்டி, பாளை, மட்டை இவற்றுக்குக் கொடுவாள் போதும்.

விறகு காய்ந்ததா என்று பார்க்க மீட்டர் வேண்டாம். முனையில் வெடிப்பு விட்டிருக்கும், பட்டை தானாகக் கழன்று வரும், இரண்டு துண்டைத் தட்டினால் கணீரென்று சத்தம் வரும். எரியும்போது முனையில் நுரை தள்ளினால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

கோடாலி என்றால்...

மரம் வெட்டும் கோடாலி வேறு, விறகு பிளக்கும் கோடாலி வேறு. முன்னதன் வாய் மெல்லியது. கட்டையில் போய்ச் சிக்கிக் கொள்ளும். அதை ஆட்டி ஆட்டிப் பிடுங்கும்போதுதான் இடுப்பு பிடித்துக் கொள்கிறது. பிளப்பதற்குக் கன்னம் அகன்ற, ஆப்பு போன்ற கோடாலி வேண்டும். எடையைக் கடையில் ஒருமுறை தூக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பத்து முறை தலைக்கு மேல் தூக்க முடிகிற எடைதான் உங்களுக்கு ஏற்றது.

காம்பு ஆடுகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். கோடையில் மரக்காம்பு சுருங்கி, தலை கழன்று பறக்கும். தண்ணீரில் ஊற வைத்தால் அன்றைக்கு இறுகும். காய்ந்ததும் மறுபடி தளர்ந்து விடும். புது ஆப்பு அடிப்பதுதான் வழி.

கோடாலியின் முதுகைச் சம்மட்டியால் அடிக்கவே அடிக்காதீர்கள். தனி இரும்பு ஆப்பு வைத்து அடியுங்கள். அடிபட்டு அடிபட்டு ஆப்பின் தலை காளான் மாதிரி விரிந்திருந்தால், பட்டறையில் கொடுத்து அதைத் தேய்த்து விடுங்கள். அந்த விளிம்பிலிருந்து தெறிக்கும் இரும்புத் துணுக்கு விழியைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே தூசி விழுந்த மாதிரிதான் தெரியும். ஆகவே கண்ணாடி கட்டாயம். செருப்பு உதவாது, ஷூ போடுங்கள்.

கட்டையை முழங்கால் உயர அடிக்கட்டை மேல் வையுங்கள். கால்களை அகட்டி நில்லுங்கள். இறக்கும்போது முழங்காலை மடக்கி இறக்குங்கள். மூச்சை அடக்கி முக்காதீர்கள்.

வளையத்துக்குள் ஆப்பு

கூர்மையான முனை மேல்நோக்கி நிற்க, சுற்றிலும் இரும்பு வளையம் வைத்த கருவி ஒன்று உண்டு. சிறு கட்டையை வளையத்துக்குள் நிறுத்தி மேலே சுத்தியலால் அடித்தால் பிளந்து விடும். கூர்மையான எதுவும் உங்கள் பக்கம் வராது. நியூசிலாந்தில் அய்லா ஹட்சின்சன் என்ற மாணவி, கைக்கோடாலியால் விறகு பிளந்த அம்மாவின் விரல் வெட்டுப்பட்டதைப் பார்த்து, 13 வயதில் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக இந்த மாதிரிக் கருவி ஒன்றைச் செய்தார். அது பல நாடுகளில் விற்பனைக்கு வந்தது. மோட்டாரும் பம்பும் செய்கிற கோவையில், படத்தைக் காட்டினால் நல்ல பட்டறைக்காரர் செய்து தர மாட்டாரா என்ன! பாய்லருக்கு மட்டும் விறகு வேண்டிய வீட்டுக்கு இதுவே போதும்.

மெஷின்தான் என்றால்...

வீட்டு மெஷின்களில் பெரும்பாலானவை லாரி ஜாக்கி போல எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்பவை. கட்டையை மெதுவாகத் தள்ளி ஆப்பின் மேல் அழுத்தும். மின்சார வகையில் 5 முதல் 7 டன் அழுத்தம் இருந்தால் சுமார் 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள, கணு இல்லாத கட்டைக்குப் போதும். இரண்டு கையாலும் பிடித்தால்தான் ஓடும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஐரோப்பிய பாதுகாப்பு விதிகள் இதை வலியுறுத்துகின்றன. ஒரு கையை எடுத்தாலும் நிற்கும் என்பதால் விரல் தப்பும். "இது தொந்தரவு" என்று ஒரு பிடியைக் கயிற்றால் கட்டி வைக்கிற புத்திசாலித்தனம் வேண்டாம்! ஒரு ஆள் கட்டை வைக்க, இன்னொரு ஆள் இயக்குவதும் கூடாது. எர்த் இணைப்பு சரியாக இருக்கட்டும். ஈரத் தரையில் ஓட்டாதீர்கள். பெட்ரோல் எஞ்சின் வகையைக் கொட்டகைக்குள் ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு ஆளையே சாய்த்து விடும்.

திருகாணி போன்ற கூம்பு சுழன்று மரத்துக்குள் ஏறும் வகை விலை மலிவு. வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். சேலைத் தலைப்போ, வேட்டி நுனியோ, துப்பட்டாவோ சிக்கினால் சுவிட்சை அணைக்க அவகாசம் கிடைக்காது.

யார் தொடக் கூடாது?

இருதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், குடலிறக்கம், முதுகுத் தட்டு விலகல், தலைசுற்றல் உள்ளவர்கள் கோடாலியைத் தொட வேண்டாம். கண்ணில் அறுவை செய்து கொண்டவர்கள் டாக்டரைக் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த வேலை கூடவே கூடாது. குழந்தைகள் பத்தடிக்கு அப்பால் இருக்கட்டும். தூக்கம் வர மாத்திரை சாப்பிட்டவர்களும், மது அருந்தியவர்களும் மெஷின் பக்கமே போகக் கூடாது. வேலை முடிந்து தோள் கடுத்தால் நொச்சி இலை ஒத்தடம் இதமாக இருக்கும். ஆனால் வலி இடது கைக்குப் பரவி நெஞ்சு இறுக்கினால் ஒத்தடம் கொடுத்துக் கொண்டிருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

வெட்டுப்பட்டால் மஞ்சள்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்ப வேண்டாம். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்! சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள். விரல் துண்டானால் அதை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்துக் கொண்டு போங்கள். ஐஸ் நேராக விரலில் படக் கூடாது. கண்ணில் ஏதாவது தெறித்தால் கசக்காதீர்கள், எண்ணெயோ தாய்ப்பாலோ விடாதீர்கள். நேராகக் கண் ஆஸ்பத்திரிதான்.

எரிக்கக் கூடாதவை

வேலியில் வெட்டிய அரளியை அடுப்பில் போடாதீர்கள். அதன் புகையும் விஷம். கள்ளி, எருக்கின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட், மருந்து ஏற்றிய மரமும் ஆகாது. விறகை வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காமல், கல் மேல் தூக்கி அடுக்குங்கள். பாம்பும் தேளும் குடியேற இடம் கொடுக்காதீர்கள். கட்டையைக் குச்சியால் தட்டிவிட்டு எடுங்கள்.

முடிவாகச் சொல்கிறேன். பாய்லருக்கு மட்டும் என்றால் மரக்கடையிலேயே அறுத்து, பிளந்து வாங்கி, வீட்டில் வளைய ஆப்பு ஒன்று வைத்துக் கொள்ளுங்கள். தோட்டத்தில் மரம் நிறைய விழுகிறது, திடமான ஆளும் இருக்கிறார் என்றால் நல்ல பிளக்கும் கோடாலியும் இரண்டு இரும்பு ஆப்பும் போதும். வருஷம் முழுக்க விறகடுப்பு, வீட்டில் எல்லோருக்கும் வயசாகி விட்டது என்றால் மட்டும் இருகைப் பிடி மெஷின். அதையும் நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து வாங்கினால் பணமும் மிச்சம், பழகிய ஒரே ஆள் ஓட்டுவதால் விரலும் பத்திரம். வெயில் காலத்திலேயே பிளந்து காயப் போட்டு விடுங்கள், ஐப்பசி மழைக்குள் விறகு தயாராக இருக்கும்!