பந்திக்குப் போகும் லிஃப்டில் ஆள் ஏறலாமா?

நல்ல முகூர்த்த நாளில் கடலூரை அடுத்த திருவந்திபுரம் ஔஷதகிரிக் குன்றில் மாலையும் கழுத்துமாய் நிற்கும் ஜோடிகளை எண்ணி முடியாது. மேலே தாலி கட்டி இறங்கினால் கீழே மண்டபங்களில் பந்தி. இப்போதெல்லாம் எந்த ஊரிலும் மண்டபத்தை மாடி வைத்தே கட்டுகிறார்கள். சமையற்கட்டு ஒரு தளத்திலும் சாப்பாட்டுக் கூடம் வேறு தளத்திலும் இருந்தால், சாம்பார் அண்டாவை ஏற்றி இறக்க ஒரு சாமான் லிஃப்ட் வந்துவிடுகிறது. அதில் அண்டாவோடு ஆளும் ஏறுவதுதான் ஆபத்து.

2022 மே மாதம் கும்மிடிப்பூண்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இப்படித்தான் நடந்தது. உணவு ஏற்றும் லிஃப்டின் ரோப் அறுந்து, பரிமாறும் வேலைக்கு வந்த இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். கல்யாண சீசனில் கைச்செலவுக்குச் சம்பாதிக்க வரும் பிள்ளைகளே இந்த வேலையில் அதிகம். அவர்களுக்கு அந்தப் பெட்டியும் ஒரு லிஃப்ட்தான். பயணிகள் லிஃப்டுக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை யாரும் சொல்லித் தருவதில்லை.

வேறுபாடு இதுதான். பயணிகள் லிஃப்ட் ஒற்றை ரோப்பில் தொங்குவதில்லை. எல்லா ரோப்பும் அறுந்தாலும் பெட்டி தரையில் மோதாது. மேலே கவர்னர் என்ற சக்கரம் தனி ரோப்போடு சுழன்றுகொண்டிருக்கும். வேகம் வரம்பைத் தாண்டியதும் அது தன் ரோப்பை இறுகப் பிடிக்கும். உடனே பெட்டியின் அடியிலுள்ள ஆப்புகள் இருபக்க கைடு ரெயில்களைக் கவ்விக்கொள்ளும். ரோப் போனாலும் பெட்டி நிற்கும் என்பதை எலிஷா ஓட்டிஸ் 1854-இலேயே நியூயார்க் பொருட்காட்சியில், தான் நின்ற மேடையின் ரோப்பை வெட்டச் சொல்லிக் காட்டினார்.

பட்டறையில் வெல்டிங் செய்து, வின்ச் மோட்டாரில் ஒற்றை ரோப்பைக் கட்டித் தொங்கவிடும் பெட்டியில் இந்தக் காப்பு பெரும்பாலும் இருக்காது. அதில் ரோப் அறுவதற்குச் சுமை மட்டும் காரணமில்லை. உச்சியில் மோட்டாரை நிறுத்தும் லிமிட் ஸ்விட்ச் வேலை செய்யாவிட்டால், பெட்டி மேலே முட்டிய பிறகும் மோட்டார் இழுத்துக்கொண்டே இருக்கும். இறங்கும்போது பெட்டி வழியில் சிக்கினால் ரோப் தொய்ந்து குவியும். சிக்கல் விடுபட்ட நொடியில் பெட்டி சடாரென விழும். ரோப் தொய்ந்தால் மோட்டாரை நிறுத்தும் ஸ்விட்ச் ஒன்று உண்டு. மண்டப உரிமையாளர் பட்டறைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது இந்த இரண்டு ஸ்விட்சுகளைப் பற்றித்தான்.

மோசமான வேலை கண்ணுக்கே தெரியும். ரோப்பில் அறுந்த இழைகள் முள்ளாய் நீட்டிக்கொண்டிருக்கும், செந்துரு உதிரும். ரோப்பை மடித்துக் கட்டிய இடத்தில் யூ கிளாம்பின் வளைந்த கம்பி குட்டை முனைப் பக்கம் இருக்க வேண்டும்; பாரம் தாங்கும் பக்கம் அமர்ந்தால் இழைகளை நசுக்கிவிடும். கடலூர் பக்கம் உப்புக்காற்று வேறு. மழைக்காலத்தில் கெடிலம் ஆறு பெருகி, லிஃப்டின் அடிக்குழியில் தண்ணீர் நின்றால் கீழேயுள்ள ஸ்விட்சுகள் கெடும், இரும்பு துருவேறும். தண்ணீரை இறைத்ததோடு விடாமல், மெக்கானிக் பார்த்த பிறகே ஓட்ட வேண்டும்.

ரோப்புக்குப் பயப்படும் நாம் கதவுக்குப் பயப்படுவதில்லை. பெட்டி வராமலே தளத்துக் கதவு திறந்தால் லாக் கெட்டிருக்கிறது, அல்லது யாரோ ஒயரை இணைத்து அதைச் செயலிழக்கச் செய்திருக்கிறார்கள். கதவு திறந்திருக்கும்போதே பெட்டி நகர்வது அதைவிடக் கொடூரம். 2023 ஆகஸ்டில் சென்னை ராதாகிருஷ்ணன் சாலையிலுள்ள ஒரு நட்சத்திர ஓட்டலில், தள்ளுவண்டியோடு லிஃப்டில் ஏறிய 24 வயது ஊழியர் அது நகர்ந்ததில் சிக்கி இறந்தார். பெட்டி தளத்துக்குச் சமமாக நிற்காமல் படி விழுந்தாற்போல நின்றால், அது பிரேக் தேய்ந்ததன் அறிகுறியாகவும் இருக்கலாம். 'பார்த்து ஏறுங்க' என்று சொல்லிப் பழகிக்கொள்ளக் கூடாது.

எஸ்கலேட்டரில் பார்க்க வேண்டியவை வேறு. படிகள் முடியும் இடத்தில் உள்ள சீப்புத் தகட்டில் பல் உடைந்திருந்தால் சேலை முந்தானையும் ரப்பர் செருப்பும் சிக்கும். ஏறி இறங்கும் இடத்துத் தரைத்தகடு ஆடினால் காலே வைக்கக் கூடாது. 2015-இல் சீனாவின் ஜிங்ஜோவில் அப்படி ஒரு தகடு சரிந்து ஒரு தாய் உள்ளே விழுந்து இறந்தார். கையிலிருந்த குழந்தையை மட்டும் முன்னே தள்ளிக் காப்பாற்றினார். சிவப்பு நிறுத்தப் பொத்தான் எங்கே என்று ஏறுமுன்னரே பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் லிஃப்டுக்கென 1997-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அரசின் மின் ஆய்வுத் துறை சோதித்து உரிமம் தர வேண்டும். மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்குமுன் ஏசி உண்டா, ஜெனரேட்டர் உண்டா என்று கேட்கிறோம். லிஃப்ட் உரிமத்தையும் காட்டச் சொல்லுங்கள். சாமான் லிஃப்டில் ஆள் ஏறக் கூடாது என்பதைச் சமையல் கான்ட்ராக்டரிடம் முன்னதாகவே கண்டிப்பாகச் சொல்லுங்கள். அண்டாவை வைத்துக் கதவை மூடிவிட்டு, பரிமாறும் பையன்கள் படியேறி வரட்டும். பந்தி இரண்டு நிமிடம் தாமதமாகத் தொடங்கினால் சம்பந்தி வீட்டார் பொறுத்துக்கொள்வார்கள்.