வீட்டுக்கு என்ன வர்ணம்?

தை பிறக்கப் போகிறது என்றால், நம் வீடுகளில் அதற்கு முன்னதாகவே ஒரு தர்க்கம் பிறந்துவிடுகிறது. “வீட்டுக்கு வெளியே என்ன வர்ணம் அடிப்பது?” என்பதே அது. முன்காலத்தில் இதற்கு இடமே இருந்ததில்லை. சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, துளி நீலம் கலந்து, மட்டையால் அடித்து, திண்ணையில் காவிப் பட்டையும் இழுத்துவிட்டால் பண்டிகை வந்துவிட்டதென்று அர்த்தம். இப்பொழுதோ கடைக்காரர் நூற்றுக்கணக்கான வர்ணங்கள் அடங்கிய அட்டையை விரித்து வைக்கிறார். தகப்பனார் ஒன்றில் விரல் வைத்தால், பிள்ளை மற்றொன்றில் வைக்கிறான்.

அந்த அட்டையில் நாமும் ஒரு முறை விரல் வைத்தோம். நம் பூர்விக வீடு செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டப்பட்டது. மயில் கழுத்து நீலம் நம் மனத்தைக் கவர்ந்தது. “சுண்ணாம்பே அடித்துவிடேனப்பா, இந்தச் சுவருக்கு அதுதானே பழக்கம்” என்றார்கள் தாயார். நாம் கேட்கவில்லை. “பத்து வருஷத்துக்குக் கவலையில்லை, சார்” என்று வர்ணம் பூசியவர் கூறிய உறுதிமொழியைத்தான் கேட்டோம். ஐப்பசி மழை வந்தது. கார்த்திகைத் தீபத்துக்குள் சுவரெங்கும் கொப்புளம். தை மாதத்தில் வர்ணம் வாழைப்பட்டைபோல உரிந்தது. அதனுடன் பாட்டனார் காலத்துப் பூச்சும் பெயர்ந்து விழுந்தது.

காரணத்தைப் பின்னரே அறிந்தோம். பழைய வீடுகளின் அஸ்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்கும் ஏற்பாடு பெரும்பாலும் கிடையாது. மண்ணின் ஈரம் சுவரில் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கல்லாக இறுகுகிறதாயினும், அதன் நுண்ணிய துவாரங்கள் வழியே அந்த ஈரம் ஆவியாய் வெளியேறிவிடும். பிளாஸ்டிக் கலந்த பெயிண்டோ அவ்வழியை அடைத்துவிடுகிறது. சிமெண்டுப் பூச்சுள்ள புது வீட்டுக்கு அது பொருந்தும். பழைய சுவருக்கு மூச்சு முட்டும். ஆகவே, எந்த வர்ணம் என்று கேட்பதற்கு முன், எந்தச் சுவர் என்று கேட்க வேண்டும்.

அடுத்தபடி வெயிலைக் கேட்க வேண்டும். புது வெள்ளை தன்மீது விழும் வெயிலில் ஏறக்குறைய முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். கரும் வர்ணங்களோ பெரும் பங்கை உண்டு, சுவரைச் சுட வைக்கும். மேற்குச் சுவருக்கு ஆழ்ந்த நிறம் அடிப்பவர்கள் அதன் பலனை இரவில் புழுக்கமாக அனுபவிப்பார்கள். காவியும் மஞ்சள் மண்ணும் இரும்புத் துருவின் இனமாதலால் வெயிலுக்கும் சுண்ணாம்புக்கும் அஞ்சுவதில்லை. பளபளக்கும் ஊதாவும் ரோஜாவும் பெரும்பாலும் சீக்கிரம் வெளுத்துப் போகும்.

மூன்றாவதாகத் தெருவைக் கேட்க வேண்டும். இதற்கு ஜெய்ப்பூர் நகரமே சாட்சி. 1727-ல் நிறுவப்பட்ட அந்நகரை, 1876-ல் வேல்ஸ் இளவரசர் வருகைக்காக மகாராஜா ராம்சிங் இளஞ்சிவப்பாகப் பூசச் செய்தார். அன்னிய விருந்தாளிக்காகப் பூசியது என்னவோ உண்மை. விருந்தாளி போய்விட்டார், அவருடைய சாம்ராஜ்யமும் போய்விட்டது. வர்ணமோ ஊராருடையதாகவே நிலைத்துவிட்டது. 2019-ல் அந்நகரம் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. தனித்தனி வீடுகளாயின்றி, தெருக்கள் முழுவதும் ஒரே குரலில் பேசுவதே அதன் அழகு. நம் வீட்டு வெளிச்சுவரை உள்ளிருக்கும் நாம் பார்ப்பதில்லை; எதிர் வீட்டார்தான் நாள் முழுவதும் பார்க்கிறார்கள்!

நேயர்களுக்கு இரண்டு யோசனைகள். அட்டையில் மெல்லியதாய்த் தோன்றும் வர்ணம், பெரிய சுவரில் அழுத்தமாகிவிடும். ஆதலால் மூன்றடிச் சதுரத்துக்குப் பூசி, காலை, உச்சி, மாலை மூன்று வேளையும் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். மற்றொன்று குழந்தைகளைப் பற்றியது. வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாதென்ற சட்டம் 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. பழைய கதவு, சன்னல் கம்பிகளில் ஈயம் இருக்கலாம். அவற்றை உலரச் சுரண்டினால் தூசி குழந்தைகளின் உடலில் சேரும். அதனால் அவர்களுடைய மூளை வளர்ச்சி கெடும். நனைத்துத் தேய்த்து, தூசியை ஈரத் துணியால் துடையுங்கள். அந்நேரம் குழந்தைகளை வேறிடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

நம் வீட்டு விஷயம் என்னவாயிற்று? உரித்து, ஒரு கோடை முழுவதும் காயவிட்டு, சுண்ணாம்புச் சாந்து பூசி, வெள்ளையடித்தோம். செலவு இரட்டிப்பு. தாயார் திண்ணையில் உட்கார்ந்து, காவிப் பட்டையையும் சுவரையும் வெகுநேரம் பார்த்தார்கள். பழைய பேச்சை எடுக்கவே இல்லை. “நீலந்தான் ஒரு துளி அதிகமாகிவிட்டது” என்று மட்டும் சொன்னார்கள்.

நம்முடைய நீல ஆசை அந்தத் துளியோடு பூர்த்தியாயிற்று.