அரைச்சுரத்தில் ஒரு விசுவாசம்

வில்லியம் பேர்டு இங்கிலாந்து அரண்மனைத் தேவாலயத்தின் பாடகர். இசை அச்சிடும் தனியுரிமையை 1575-இல் முதலாம் எலிசபெத் அவருக்கும் தாமஸ் டாலிஸுக்கும் கொடுத்திருந்தார். அரசியின் தயவு இவ்வளவு இருந்தும் பேர்டு கத்தோலிக்கராகவே இருந்தார். பூசை வைப்பதே சட்டவிரோதமாக இருந்த நாடு அது. அரசுத் திருச்சபை வழிபாட்டுக்கு வரவில்லை என்று அவர் குடும்பத்தின் மேல் வழக்குகள் வந்தபடி இருந்தன. எசெக்ஸில் குடியேறிய அவர், அங்கே ஜான் பெட்ரி போன்ற கத்தோலிக்கப் பிரபுக்களின் வீடுகளில் மறைவாக நடந்த பூசைகளுக்கென இசை எழுதினார். ‘கிராடுவாலியா’ என்ற பெயரில் அதன் முதல் பாகம் 1605-இல் அச்சானது.

அதிலுள்ள ‘ஆவே வேரும் கோர்புஸ்’ நற்கருணையை நோக்கிய லத்தீன் வேண்டுதல். நான்கு குரல்களுக்கான சிறிய ‘மோட்டெட்’, அதாவது பல குரல்கள் சேர்ந்து பாடும் சமயப் பாடல். அதன் தொடக்கத்தை மட்டும் கூர்ந்து கேட்டால் போதும், பேர்டு யாரென்று தெரிந்துவிடும்.

‘ஜி’ சுரத்தை ஷட்ஜமாக வைத்துக்கொள்வோம். ‘ஆவே’ என்ற வணக்கம் முடிகையில் மேல் குரல் காகலி நிஷாதத்தில் நிற்கிறது. ஷட்ஜத்துக்கு ஏறத் துடிக்கும் சுரம் அது. அடுத்து ‘வேரும்’, அதாவது ‘மெய்யான’ என்ற சொல். அங்கே அடிக்குரல் கைசிகி நிஷாதத்தில் வந்து ஊன்றுகிறது. ஸ்தாயி வேறுபாட்டை விட்டுப் பார்த்தால், இரண்டுக்கும் இடையே அரைச்சுரம்தான். அதிர்வெண்ணில் ஏறக்குறைய 6 சதவீத வித்தியாசம். இரண்டும் சேர்ந்து ஒலிப்பதில்லை என்பதுதான் வியப்பு. காற்றில் மோதலே இல்லை. ஓய்ந்துபோன சுரத்தைக் காது இன்னும் பிடித்துக்கொண்டிருக்க, புதியது வந்து அந்த நினைவின் மேல் இடறுகிறது. இத்தகைய முரணைத் தவிர்க்கச் சொன்னது இசை இலக்கணம். ஆங்கிலேய இசையமைப்பாளர்களோ அதை விரும்பியே கையாண்டார்கள்.

இடறல் அந்தச் சொல்லில் விழுந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பம் மெய்யாகவே கிறிஸ்துவின் உடலாகிறதா என்பது அன்று இரு திருச்சபைகளையும் பிரித்த கேள்விகளில் ஒன்று. தன் பதிலை அவர் சுரத்தில் எழுதிவிட்டார்.

பாடலின் பின்பகுதி நெஞ்சைப் பிசைவது. ‘இனியவரே’ என்று மேல் குரல் தனியே அழைக்க, மற்றவை பின்தொடர்கின்றன. ‘என்மேல் இரக்கம் வையும்’ என்ற மன்றாட்டு குரல் மாற்றிக் குரல் எழுகிறது. அது போதாதென்று அந்தப் பகுதி முழுவதையும் இன்னொரு முறை பாடவைக்கிறார்.

அக்கால வழக்கப்படி ‘கிராடுவாலியா’வின் பாடல்கள் குரலுக்கு ஒரு புத்தகமாக அச்சாயின. மேல் குரலின் புத்தகத்தில் காகலி, அடிக்குரலின் புத்தகத்தில் கைசிகி. எந்த ஒன்றைப் புரட்டினாலும் முரண் கண்ணில் படாது. அது ஒலிக்க வேண்டுமானால் பாடுகிறவர்கள் ஓர் அறையில் கூடியாக வேண்டும். நாடாளுமன்றத்தைத் தகர்க்கக் கத்தோலிக்கர் சிலர் தீட்டிய வெடிமருந்துச் சதி அம்பலமான சமயத்தில் இந்தப் புத்தகங்களை வைத்திருந்ததற்காகவே சார்ல் டி லின்யி என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் பிடிபட்டு, நியூகேட் சிறைக்குப் போனார். ஆனாலும் 1607-இல் இரண்டாம் பாகத்தை வெளியிட்டார் பேர்டு.