பந்தலூர்: தங்கம் தேடி வந்த ஊர்

ஷொர்ணூர்–நிலம்பூர் ரயிலில் போய் வரும் நம்மவர்களில் பலருக்கு, அந்தப் பாதை முடியும் இடத்துக்கு மேலே மலையில் ஒரு காலத்தில் தங்க வேட்டை நடந்தது தெரியாது. நிலம்பூரில் இறங்கிக் கூடலூர் பஸ் பிடித்து, நாடுகாணிச் சுரம் ஏறினால் தமிழ்நாட்டு எல்லை. அப்பால் தேவாலா, பந்தலூர். ஒரு லீவு நாளில் போய்ப் பார்த்தேன்.

இந்த மலை ஆறுகளில் பணியரும் குறும்பரும் பொன் அரித்தது பழைய சங்கதி. ஆஸ்திரேலியாவில் சுரங்க இலாகாவைக் கவனித்த பிரோ ஸ்மித் துரை இங்கு வந்து பார்த்து, 1880-ல் அறிக்கை கொடுத்தார். உடனே லண்டனில் கம்பெனிகள் முளைத்தன. வயநாட்டுத் தங்கத்தை நம்பி மட்டும் 30-க்கு மேல். மூலதனம் சுமார் 40 லட்சம் பவுன்! சில குடிசைகளே இருந்த பந்தலூரில் ஹோட்டல் வந்தது; குதிரைப் பந்தயம்கூட நடந்ததாம். கல்லை அரைத்துப் பார்த்தால் டன்னுக்குச் சில கிராம்தான் தேறியது. இரண்டு மூன்று வருஷத்தில் துரைமார்கள் மூட்டை கட்டினார்கள். பங்கு வாங்கியவர்கள் போண்டி.

அலாஸ்காவில் ஸ்காக்வே என்று ஓர் ஊர். 1897-98-ல் தங்கத்துக்காக ஜனம் குவிந்த இடம். அதன் பழைய கடைவீதியை அமெரிக்க அரசு 1976-ல் தேசியப் பூங்காவாக்கிப் பழுது பார்த்துக் காக்கிறது. அன்று போட்ட சின்ன ரயிலில் இன்றும் சுற்றுலாக்காரர்கள் மலையேறுகிறார்கள். ரயில்வேக்காரனுக்குப் பொறாமையாக இருக்காதா?

பந்தலூரில் பழைய ஹோட்டல் எங்கே என்று விசாரித்தேன். கடைக்காரர் பஸ் நிற்கும் இடத்துப் பரோட்டாக் கடையைக் காட்டினார்!

எங்கும் தேயிலை. பழைய சுரங்கங்கள் மட்டும் தேவாலா பக்கம் புதருக்குள் வாய் பிளந்து கிடக்கின்றன. அவற்றில் திருட்டுத்தனமாகப் பொன் தேடி, மண் சரிந்து மாண்ட கூலிக்காரர்கள் உண்டு. லண்டன்காரனுக்குப் போனது பணம். இவர்களுக்குப் போனது உயிர். அந்த வாய்களை அடைத்து, அருகே ஒரு சரித்திரப் பலகையாவது நடக் கூடாதா?

இன்று அங்கே நிறையப் பேர் 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள். அவர்களுக்காகவே அரசுத் தேயிலைத் தோட்டம் போடப்பட்டது. திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெரியவரும் தலைமன்னாரில் கப்பலேறி வந்தவர்தான். தங்கச் சுரங்கத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் அதை விட்டுவிட்டு, கண்டிப் பக்கத்தில் தாம் விட்டு வந்த லயத்து வீட்டைப் பற்றியே சுரம் இறங்கும்வரை பேசினார்.